கப்பல் ஆடும்போது யாருக்கு ஆபத்து?

வாசகர் கேள்விக்குப் பதில் அளிப்பவர்: பயணிகள் கப்பல்களில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 70. மகன் இங்கிலாந்திலும் மகள் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும்போது, சவுத்தாம்ப்டனில் இருந்து நியூயார்க்குக்கு 'குயீன் மேரி 2' கப்பலில் போகலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஏழு இரவுகள். எனக்கோ கொடைக்கானல் பஸ் மலை ஏறத் தொடங்கியதுமே வாந்தி வந்துவிடும். என் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு 'ராஜுலா' கப்பலில் போய்வந்தவர். அந்த ஆட்டத்தைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, கப்பலுக்குள் நாற்காலி மேசைகள் சறுக்கி ஓடும் ஒரு வீடியோவைப் பக்கத்து வீட்டில் காட்டினார்கள். கணவர் எதற்கும் அசராதவர். "அவ்வளவு பெரிய கப்பல் ஆடவே ஆடாது" என்கிறார். அவருக்கு இதயத் துடிப்புக் கோளாறுக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும், பிராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரையும் உண்டு. ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. கப்பல் கவிழ்ந்துவிடுமா? என் வாந்திக்கு என்ன செய்வது? பயணத்தையே விட்டுவிடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: சகோதரி, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குக் கவலை வந்தது உங்களைப் பற்றியல்ல, உங்கள் கணவரைப் பற்றி. நீங்கள் வாந்தி எடுப்பீர்கள், இரண்டு நாள் படுத்திருப்பீர்கள், மூன்றாம் நாள் எழுந்து தோசை கிடைக்குமா என்று கேட்பீர்கள். அவர் விழுந்தால் கதை வேறு. கொந்தளிப்பான கடலில் கப்பல் மருத்துவமனைக்கு வருபவர்களில் எனக்குப் பயம் தந்தவர்கள் வாந்தி எடுத்தவர்கள் அல்லர், விழுந்தவர்கள்தான். அதிலும் "எனக்கு ஒன்றும் செய்யாது" என்று ஒரு கையில் காபிக் கோப்பையும் மறு கையில் புத்தகமுமாக மாடிப்படி இறங்கிய பெரியவர்கள்.

கவிழுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1942 டிசம்பரில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தை நோக்கிப் போன பழைய 'குயீன் மேரி'யைப் பக்கவாட்டிலிருந்து ஒரு ராட்சத அலை தாக்கியது. கப்பல் 52 பாகை சாய்ந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அப்படிச் சாய்ந்தும் அது நிமிர்ந்தது. 1967 வரை ஓடியது. இன்றும் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஓட்டலாக நிற்கிறது. 1995 செப்டம்பரில் 'லூயிஸ்' சூறாவளியில் சிக்கிய 'குயீன் எலிசபெத் 2' கப்பலை எதிர்கொண்ட அலையின் உயரம் சுமார் 29 மீட்டர். அந்தக் கப்பலும் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. உயிர்ச்சேதம் நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1966 ஏப்ரலில் இத்தாலியக் கப்பலான 'மைக்கேலாஞ்சலோ'வின் முன்பக்கத்தை ஓர் அலை உடைத்து உள்ளே புகுந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். அப்போதும் கப்பல் மூழ்கவில்லை. இன்று வானிலை முன்னறிவிப்பு இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது. புயலைச் சுற்றிக்கொண்டு போகவும் வேகத்தைக் குறைக்கவும் கேப்டனுக்கு முழு அதிகாரம் இருக்கிறது. கவிழ்வதை நினைத்து ஒரு நிமிடத் தூக்கத்தைக்கூடக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிச் சுற்றிவரும் வீடியோக்களில் பெரும்பாலானவை உல்லாசக் கப்பல்களில் எடுத்தவை. வெயில் காயும் தீவுகளுக்கு இடையே சுற்றுவதற்காகக் கட்டியவை அவை. 2004ல் ஓடத் தொடங்கிய 'குயீன் மேரி 2' வட அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே கட்டிய லைனர். இன்று அந்தத் தடத்தில் ஒழுங்காக ஓடும் ஒரே லைனரும் அதுதான். 345 மீட்டர் நீளம், தண்ணீருக்கு அடியில் சுமார் 10 மீட்டர் ஆழம், அலையைக் கிழித்துப் போக நீண்ட கூர்மையான அணியம் (கப்பலின் மூக்கு), சாதாரண உல்லாசக் கப்பலைவிடத் தடிமனான இரும்புத் தகடு. பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க, தண்ணீருக்குள் இறக்கை விரிக்கும் ஸ்டெபிலைசர்கள் நான்கு. 1926ல் கட்டிய ராஜுலாவின் காலத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது. உங்கள் அப்பா பட்ட பாட்டை நீங்கள் படப்போவதில்லை.

அப்படியானால் கணவர் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். பாதிதான் சரி. "இவ்வளவு பெரிய கப்பல் ஆடாது" என்ற இதே நம்பிக்கை பழைய குயீன் மேரியைக் கட்டியவர்களுக்கும் இருந்தது. 1936ல் அது ஓடத் தொடங்கியபோது நடைபாதைகளில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி இல்லை. நாற்காலிகளையும் சோபாக்களையும் தரையோடு பிணைக்கவில்லை. அட்லாண்டிக் கடல் அந்த ஆண்டே பாடம் நடத்தியது. நாற்காலியோடு சறுக்கிப் போனவர்கள், பிடிமானம் இல்லாமல் விழுந்தவர்கள் என்று பலருக்குக் காயம். சிலருக்கு எலும்பு முறிவு. அதன் பிறகுதான் கம்பிகள் வந்தன. ஸ்டெபிலைசர் பொருத்த 1958 ஆயிற்று. இந்தக் கதையை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்டெபிலைசரும் சர்வரோக நிவாரணி அல்ல. பக்கவாட்டில் உருளுவதை அது அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பயணத்துக்கு இது முக்கியம். வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அதற்கு எதிரே போகிறார்கள். அலை கப்பலின் மூக்கில் வந்து மோதும். மூக்கு ஏறும், இறங்கும். சில நேரம் இறங்கும்போது அடிப்பக்கம் தண்ணீரில் அறைந்து, கப்பல் முழுக்க ஓர் அதிர்வு ஓடும். புதியவர்கள் பாறையில் மோதிவிட்டது என்றே நினைப்பார்கள். அது வெறும் தண்ணீர். இரவில் கேபின் சுவர்ப் பலகைகள் கிறீச்சிடும், அலமாரிக்குள் உடை மாட்டிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். பலகைச் சத்தத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உடை மாட்டிகளைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுங்கள், பாதித் தூக்கம் திரும்பக் கிடைக்கும்.

வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் ஏன் ஆடுகிறது என்று பலர் குழம்புவார்கள். குமரிக் கடற்கரையில் காற்றே இல்லாத நாளில் கடல் பொங்கி ஊருக்குள் வருவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள் அல்லவா? தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் நீண்ட அலை அது. அட்லாண்டிக்கிலும் அப்படித்தான். நீங்கள் கண்ணால் பார்க்காத புயல் உங்கள் கட்டிலை ஆட்டும்.

ஆகவே கேபின் விஷயத்தில் பிள்ளைகள் சொல்வதைக் கேட்காதீர்கள். பாசத்தில் அவர்கள் உயரமான தளத்தில், முன்பக்கம், கடல் தெரியும் அறையாகப் பார்ப்பார்கள். பூங்காவில் பிள்ளைகள் ஏறும் சீசாப் பலகையில் நுனியில் இருப்பவர்தான் மேலும் கீழும் போகிறார். நடுவில் இருப்பவர் அசைவதே இல்லை. முன்னும் பின்னும் ஏறி இறங்கும் கப்பலிலும் நடுப்பகுதிதான் அசைவு குறைந்த இடம். தளம் தாழ இருந்தால் உருளலும் குறைவு. இந்தக் கப்பலில் 4, 5, 6 ஆகிய தளங்களில், நீளவாக்கில் நடுவில் ஓர் அறை கேளுங்கள். ஜன்னல் இல்லாத அறையானாலும் பாதகமில்லை, பணமும் மிச்சம். தளத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறை எண்ணை விரல் வைத்துப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். அறையை நிறுவனமே ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் எடுத்தால் இந்த உரிமை போய்விடும். உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கனம் கூடாது.

இனி உங்கள் வாந்தி. கொடைக்கானல் பஸ்ஸிலும் கப்பலிலும் நடப்பது ஒன்றுதான்: உள்காது 'அசைகிறேன்' என்கிறது, கண் முன்னாலிருக்கும் சீட்டையோ சுவரையோ பார்த்து 'அசையவில்லை' என்கிறது. மூளைக்கு வரும் அந்தக் குழப்பம் வயிற்றில் இறங்குகிறது. ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போய்வரும் ஆட்டம்தான் மனித வயிற்றுக்கு மிகவும் ஒவ்வாதது. எதிர் அலையில் வேகமாகப் போகும்போது ஏற்ற இறக்கங்களுக்கு இடையிலான நேரம் சுருங்கும். கேப்டன் வேகத்தைக் குறைத்தால் அது நீளும், உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். வயது ஏற ஏற இந்தத் தொல்லை பொதுவாகக் குறைகிறது. நீங்கள் கடைசியாகக் கொடைக்கானல் போனது எப்போது என்று எழுதவில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய வாந்தியை வைத்து இப்போது பயப்படுகிறீர்களோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பிரிட்டனின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன் வாழ்நாள் முழுவதும் கடல் குமட்டலால் அவதிப்பட்டவர்; ஆகவே இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

மாத்திரையில் ஒரே விதிதான்: குமட்டல் வருமுன் போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றைத் தாண்டுவதே சந்தேகம். அவோமின் போன்றவற்றை முதல் நாள் இரவே எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்டுஜெரான் என்றால் கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக. எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தரட்டும். அவர் தருவதை மதுரையில் வீட்டிலிருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். தூக்கம் எவ்வளவு அமுக்குகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டுஜெரானில் உள்ள சின்னரிசின் அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லை. தேவையானதை இங்கேயே வாங்கி, மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மீறியும் வாந்தி நிற்கவில்லை என்றால் கப்பல் மருத்துவர் ஊசி போடுவார்.

பட்டினி கிடக்காதீர்கள். வெறும் வயிறு இன்னும் மோசம். எண்ணெய், மசாலா இல்லாத உலர்ந்த ரொட்டி, பிஸ்கட், ஆப்பிள் என்று கொஞ்சம் கொஞ்சமாக. இஞ்சி சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. இஞ்சி மிட்டாய் ஒரு பொட்டலம் கைப்பையில் இருக்கட்டும். கணவருக்கு அதை மிட்டாய் அளவோடு நிறுத்துங்கள், இரத்த மாத்திரை எடுப்பவருக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துத் தர வேண்டாம். திறந்த தளத்துக்கு அனுமதி இருந்தால் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். முடியாதபோது கண்ணை மூடிப் படுத்துவிடுங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள், குமட்டலோடு வாட்ஸ்அப் படிப்பது நீங்களே போய் வாந்தியை அழைப்பது.

இப்போது உங்கள் கணவர். முதல் எச்சரிக்கை: உங்கள் மாத்திரையை அவருக்குக் கொடுக்கவே கூடாது. பிராஸ்டேட் வீக்கம் இருப்பவருக்கு இவ்வகை மாத்திரைகளில் பல சிறுநீரை அடைத்துவிடக்கூடும். நடுக்கடலில் சிறுநீர் அடைத்துக்கொண்டு துடிப்பவரைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கண் நீர் அழுத்த நோய் இருந்தாலும் ஆபத்து. அவருக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, இரவு இரண்டு மணி. எனக்குப் பயமே அந்த நேரத்தை நினைத்துத்தான். பிராஸ்டேட்டுக்காக அவர் எழுந்திருப்பார். அந்த மாத்திரைகளில் சில, படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். இருட்டு, தூக்கக் கலக்கம், செயற்கை முழங்கால், ஆடும் தரை, அதோடு குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க வைத்த மேடு. இத்தனையும் ஐந்தாறு அடிக்குள். எழுந்தவுடன் கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு கால்களும் தரையில் பதிந்து, கப்பல் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். பிறகு ஒரு கை சுவரில். குளியலறை விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டுக் கதவைக் கொக்கியில் மாட்டித் திறந்தே வையுங்கள். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க வேண்டாம், உட்காரட்டும். இதைச் சொன்னால் ஆண்களுக்கு ரோஷம் வரும். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

விழுந்து தலையில் அடிபட்டால், வீங்காவிட்டாலும், வலிக்காவிட்டாலும், அந்த நிமிடமே கப்பல் மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவருக்கு மண்டைக்குள் கசிவது மணிக்கணக்கில் மெதுவாகவும் நடக்கலாம். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். விடாதீர்கள். நடுக்கடல் ஹெலிகாப்டருக்கு எட்டாத தூரம். அங்கே நேரம்தான் மருந்து. அவர் எடுப்பது வார்ஃபரின் என்றால் கிளம்புமுன் இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து அந்தச் சீட்டைக் கையோடு வையுங்கள். வாந்தியால் சரியாகச் சாப்பிடாத நாட்களில் அந்த அளவு மாறக்கூடும். அவர் இரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவரானால், நாள் முழுவதும் வாந்தி எடுத்த நாளில் அதை வழக்கம்போல விழுங்கலாமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழுவதற்கு அடுத்தபடி விரல். கப்பல் சாயும்போது கனத்த கதவு தானாக வீசி மூடும். அந்தச் சமயம் நிலைச்சட்டத்தில் கை வைத்திருந்தவர்களின் விரல்களை நான் தைத்திருக்கிறேன். கதவைக் கைப்பிடியில் மட்டுமே தொட வேண்டும். பால்கனி அறை என்றால் பால்கனிக் கதவையும் அறைக்கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், காற்று இரண்டில் ஒன்றை அறைந்து சாத்தும்.

கடல் மோசமாகப் போகிறது என்பதைக் கப்பலே சொல்லிவிடும். மாடிப்படிக் கம்பிகளில் காகிதப் பைகளைச் செருகி வைப்பார்கள், திறந்த தளங்களை அடைப்பார்கள், நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்குவார்கள். மதியம் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசும்போது கவனியுங்கள். அவர் 'ரஃப்' என்றால் அலை இரண்டரை முதல் நான்கு மீட்டர். இந்தக் கப்பலில் அதற்குப் பயப்பட வேண்டாம். 'வெரி ரஃப்' என்றால் நான்கு முதல் ஆறு, 'ஹை' என்றால் ஆறு முதல் ஒன்பது. இந்தக் கடைசி இரண்டில் ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு மாடிப்படி வேண்டாம், வெந்நீர்க் கோப்பையைச் சுமப்பது வேண்டாம், குளியலும் வேண்டாம். துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டால் போதும். கணவர் ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ போடட்டும். நீங்கள் சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறுங்கள். ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு மறு கையால் கம்பியைப் பிடிப்பது நடக்காத காரியம்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் கடைசி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சூறாவளிக் காலம் நவம்பர் இறுதிவரை நீள்கிறது, குளிர்காலப் புயல்களும் அப்போதுதான் தொடங்குகின்றன. பிள்ளைகளின் விடுமுறை இடம் கொடுத்தால் ஜூன், ஜூலைக்குத் தள்ளுங்கள். பனிமூட்டம் இருக்கும், ஆட்டம் பொதுவாகக் குறைவு. தள்ள முடியாவிட்டால் அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். மேற்கே போகும்போது பெரும்பாலான இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். நாளுக்கு 25 மணி நேரம் கிடைக்கும். தூக்கத்துக்கு நல்லது. ஆனால் மாத்திரை நேரத்தைப் புதுக் கடிகாரத்துக்கு ஏற்ப நாள்தோறும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். கப்பல் மருத்துவமனையில் கட்டணம் அமெரிக்க அளவில் இருக்கும். கணவரின் இதயக் கோளாறையும் அறுவை சிகிச்சையையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்தால் காப்பீடு வெறும் காகிதம்.

நியூயார்க்கில் இறங்கிய பிறகு ஓரிரு நாள் மகள் வீட்டுத் தரையும் ஆடுவதாகத் தோன்றும், குறிப்பாகக் கண்ணை மூடிக் குளிக்கும்போது. கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை தரைக்குப் பழக எடுக்கும் நேரம் அது. அந்த நாட்களிலும் மாடிப்படியில் கணவரின் கையை விட வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும்.